ஜேபியிலிருந்து சிங்கப்பூர் வேலை: பழைய பிடிபிடிஎன் பாக்கி இருந்தால் இமிகிரேஷனில் நிறுத்துவார்களா?

தெப்ராவ் தேவி:

வணக்கம். ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். துவாஸில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. பெர்மிட்டுக்கு அவர்களே விண்ணப்பம் போட்டு, ஒப்புதல் கடிதமும் வந்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும். இங்கே பார்க்கிற வேலைக்கு ராஜினாமா கடிதம் டைப் செய்து வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் என் படிப்புக் கடன். தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்கும்போது அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னில் பதினாறாயிரம் வெள்ளி (ரிங்கிட்) எடுத்தேன். வேலை கிடைத்ததும் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டி வந்தேன். அப்புறம் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. மருந்து, வண்டிக் கூலி, வாரத்தில் மூன்று நாள் லீவு என்று ஆனதும் கடன் கட்டுவது நின்றுபோனது. அம்மா இப்போது இல்லை. கடன் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரியம்மா மகனை 2015இல் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள், அவனுக்கும் பிடிபிடிஎன்தான். 'தடையெல்லாம் எப்போதோ எடுத்தாச்சு, பயப்படாதே' என்கிறாள் தங்கை. அப்பா சொல்வது வேறு. அவர் சிங்கப்பூரோடு தகராறான பத்து பூத்தே பாறையைப் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு, 'ரெண்டு நாடும் முறைச்சுக்கிட்டா முதல்ல சிங்கப்பூர் போற காஸ்வே பாலத்தைத்தான் மூடுவான், சிங்கப்பூர் சம்பளத்தை நம்பி கையில இருக்கிற வேலையை விடாதே' என்கிறார். போதாக்குறைக்குக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்ட மாமா, 'என்னைத் திவாலாக்கிவிடுவார்களா' என்று ராத்திரியில் போன் செய்கிறார். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் குரலைக் கேட்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாசாய் ராஜன்:

தங்கச்சி, ராஜினாமா கடிதத்தை இன்னும் இரண்டு நாள் பையிலேயே வைத்திரு. முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். குடிநுழைவுத்துறையின் இணையத்தளத்தில் எஸ்எஸ்பிஐ என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஐசி (அடையாள அட்டை) நம்பரைப் போட்டால் வெளிநாடு போக உன் பெயரில் தடை இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும். காசு இல்லை, யாருடைய சிபாரிசும் வேண்டாம். அண்ணன் சொன்னான், தங்கை சொன்னாள் என்று எதையும் நம்பாதே. இங்கே நான் எழுதுவதையும் அதில் பார்த்துவிட்டு நம்பு.

உன் பெரியம்மா மகனுக்கு நடந்ததும் உண்மை, உன் தங்கை சொல்வதும் உண்மை. அந்தக் காலத்தில் பிடிபிடிஎன் கட்டாதவர்கள் பெயர் குடிநுழைவுத்துறைப் பட்டியலில் இருந்தது. கல்யாணமாகி தேன்நிலவுக்குக் கிளம்பியவர்கள்கூட கவுண்டரிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். 2018இல் ஆட்சி மாறியதும் அந்தப் பெயர்களை எடுத்தார்கள், நான்கு லட்சத்துக்கு மேல். ஆனால் ஒன்றைக் கவனி. எடுத்தது அரசாங்கத்தின் முடிவு. அடுத்த அரசாங்கமோ இதே அரசாங்கமோ நினைத்தால் திரும்பப் போடலாம். கட்ட வசதி இருந்தும் கட்டாதவர்களுக்கு மறுபடி தடை கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் ஒரு தடவை பார்த்ததோடு விடாதே, வேலையில் சேரும் வாரத்திலும் பார்.

தடை என்றாலே எல்லாரும் பிடிபிடிஎன் என்கிறார்கள். அது ஒரு வாசல்தான். வருமான வரி பாக்கிக்கு வரி வாரியம் நிறுத்தலாம், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104ஆம் பிரிவு. தொழிலாளர் சேமநிதியைக் கட்டாத முதலாளியைச் சேமநிதி வாரியம் நிறுத்தலாம். திவாலானவர் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் போய் நிற்க வேண்டிய அலுவலகம் வேறு. கவுண்டரில் இருப்பவரிடம் அழுது பிரயோஜனமே இல்லை, அவர் கணினியில் வருவதைச் செய்கிறவர்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நண்பர் ஒருவரோடு சேர்ந்து லாரிக் கம்பெனி வைத்திருந்தேன். பேப்பரில் நானும் இயக்குநர். தொழில் படுத்ததும் நான் விலகி உட்லண்ட்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போய்விட்டேன். விலகல் பாரத்தைப் பதிவு செய்கிறேன், வரிக் கணக்கை முடிக்கிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்ட நண்பர் இரண்டையும் செய்யவில்லை. கம்பெனி வரியை இயக்குநரிடமும் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, ஹெல்மெட் கண்ணாடியில் பனி வடிய வடிய வரிசையில் நின்று கடப்பிதழை நீட்டினேன். அதிகாரி ஸ்கேன் செய்தார், திரையைப் பார்த்தார், இன்னொரு தடவை ஸ்கேன் செய்தார். அப்புறம் 'அபாங், டெப்பி' என்று ஓரத்தைக் காட்டினார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். உள்ளே ஓர் அறையில் உட்கார வைத்து, எந்த இலாகா நிறுத்தியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றைய ஷிப்டுக்கு ஆள் இல்லை என்று என் சூப்பர்வைசர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார், என்னால் எடுக்கக்கூட முடியவில்லை.

தவணை போட்டு, முதல் தவணையைக் கட்டி, விடுவிப்புக் கடிதம் வாங்கியபின்தான் போக முடிந்தது. அதனால் சொல்கிறேன்: எந்த இலாகாவில் எதைக் கட்டினாலும் கடிதம் வாங்கு, அசலைக் கையோடு வை. ஓர் இலாகா விடுவித்துவிட்டது என்பதும் இன்னொரு இலாகாவின் கணினியில் அது ஏறிவிட்டது என்பதும் ஒன்றல்ல.

சம்பாதிக்கப் போகிறவனை வாசலில் மறித்துவிட்டு 'கடனைக் கட்டு' என்றால் எதைக் கொண்டு கட்டுவது? இந்தக் கேள்வி அன்றைக்கு அந்த அறையில் எனக்கு வந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

குளுவாங் வாத்தியார்:

தேவி, ராஜன் தம்பி கடன் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் உங்கள் அப்பாவுக்காக எழுதுகிறேன். வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளும்.

பத்து பூத்தே காஸ்வே பக்கத்தில் இல்லவே இல்லை. ஜொகூரின் தென்கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல். சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலில் சேரும் வாயில் கிடக்கும் பாறை. அதன் மேல் 1851இல் விளக்கேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1979இல் மலேசியா வெளியிட்ட கடல் எல்லை வரைபடத்தில் அதைத் தன் பக்கம் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஆட்சேபித்தது. அங்கே தொடங்கிய வழக்கு, 2008 மே 23ஆம் தேதி ஹேக் நகரில் அனைத்துலக நீதிமன்றத்தில் முடிந்தது. 12க்கு 4 என்ற கணக்கில் பாறை சிங்கப்பூருக்கு. பக்கத்தில் இருக்கும் மிடல் ராக்ஸ் மலேசியாவுக்கு. சவுத் லெட்ஜ் என்று அலை வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு திட்டு, அது யாருடைய கடலில் இருக்கிறதோ அவருக்கு. அந்தக் கடல் யாருடையது என்ற கோட்டை இன்றுவரை போட்டு முடிக்கவில்லை.

தீர்ப்பைப் படித்தவர்களுக்கு நெஞ்சில் தைப்பது 1953ஆம் ஆண்டுக் கடிதம். சிங்கப்பூரிலிருந்து பாறையைப் பற்றி ஒரு விசாரிப்பு வருகிறது. ஜொகூர் அரசாங்கத்தின் தற்காலிகச் செயலாளர், ஜொகூர் அந்தப் பாறைக்கு உரிமை கொண்டாடவில்லை என்று பதில் எழுதிவிடுகிறார். ஒரு கடிதம்தான். அதற்கு முன் பாறை ஜொகூர் சுல்தானுடையதாகவே இருந்தது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிந்திய காலத்தில் இரண்டு தரப்பும் நடந்துகொண்ட விதத்தை வைத்து, அதிலும் இந்தக் கடிதத்துக்குப் பெரிய எடை கொடுத்து, முடிவு மாறிப்போனது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

2017இல் மலேசியா மறுஆய்வு கேட்டது, 2018 மே மாதம் விசாரணைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மனுவைத் திரும்பப் பெற்றது. அது சரியா என்று விசாரித்த அரச ஆணையத்தின் அறிக்கை 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உங்கள் அப்பா பார்த்த செய்தி அதை ஒட்டியதாகத்தான் இருக்கும். அது நம் நாட்டுக்குள் நடக்கிற விவகாரம்.

காஸ்வே ஓடும் ஜொகூர் நீரிணையில் எல்லைத் தகராறு கிடையாது. 1927ஆம் ஆண்டு ஒப்பந்தமும், அதைத் துல்லியமாக்கிய 1995ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அங்கே கோட்டைப் போட்டுவிட்டன.

2018 கடைசியில் துவாஸ் பக்கம் துறைமுக எல்லைத் தகராறு வந்தது, நினைவிருக்கலாம். அக்டோபரில் மலேசியா எல்லையை நீட்டியது, டிசம்பரில் சிங்கப்பூரும் நீட்டியது, இரு தரப்புக் கப்பல்களும் அந்த இடத்தில் நின்றன. பிப்ரவரியில் நம் கடல்துறைக் கப்பல் ஒன்றும் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. அதே சமயம் செலேத்தார் விமான நிலையத் தகராறில் ஃபயர்ஃபிளை விமானங்கள் சில மாதங்கள் சிங்கப்பூருக்குப் பறக்கவில்லை. 2019 ஏப்ரலில் இரு நாடுகளும் துறைமுக எல்லைகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தன. இத்தனைக்கும் நடுவில் காஸ்வேயில் மோட்டார் வரிசை வழக்கம்போல நகர்ந்துகொண்டிருந்தது. தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிற பாதை அது. அதை மூடினால் இரண்டு பக்கமும் அடுத்த நாளே வலிக்கும்.

மூடியது கோவிட். 2020 மார்ச் 18ஆம் தேதி. சரக்கு லாரி போனது, ஆட்கள் போக முடியவில்லை. 2022 ஏப்ரல் முதல் தேதிதான் பழையபடி திறந்தது. உங்கள் அப்பாவுக்குக் காஸ்வே மூடும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். எல்லைத் தகராறின் அடி விழுவது பெங்கெராங் பக்கத்து மீனவர்கள் மேல்தான், எந்த ரோந்துப் படகு எப்போது விரட்டும் என்று தெரியாமல் வலை போடுகிறவர்கள். பெர்மிட்டோடு கவுண்டரில் நிற்கிற கணக்காளர் மேல் இல்லை.

பத்து பகாட் குமரன்:

நானும் பிடிபிடிஎன் எடுத்தவன்தான். மாதம் 150 வெள்ளி, ஒரு மாதம் தவறாமல் கட்டி முடித்தேன். அந்தச் சமயத்தில் என் சம்பளம் 1,800. இங்கே எல்லாரும் கட்டாதவர்கள் மேல் பரிதாபப்படுகிறீர்கள். நாம் கட்டுகிற பணத்தில்தான் அடுத்த பிள்ளை படிக்கிறான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கடன் இல்லாவிட்டால் கல்லூரி வாசலே கிடையாது?

இன்னொன்று. 2018 டிசம்பரில் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களிடம் சம்பளத்திலேயே பிடிக்கலாம் என்று அறிவித்தார்கள். பெரிய கூச்சல் எழுந்தது, சில நாளில் ஒத்திவைத்தார்கள். சரி, அப்படியே பிடித்தாலும் சிங்கப்பூர் முதலாளி நம் அரசாங்கத்துக்குப் பிடித்துக் கொடுப்பாரா? மாட்டார். அந்தப் பக்கம் போய் மூன்று மடங்கு சம்பாதிக்கிறவரிடம் வாங்க இமிகிரேஷன் வாசலைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? தேவியின் அம்மா விஷயம் வேறு. அதைப் படித்து எனக்கும் மனது கஷ்டமாக இருந்தது.

செகாமாட் வாசுகி:

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் திவால் கோப்புகளைப் பார்க்கிறவள் நான். முதலில் மாமாவைத் தூங்க வைப்போம்.

பழைய திவால் சட்டத்தைத் திருத்தி, பெயரையும் மாற்றி, 2017 அக்டோபர் 6ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். லாப நோக்கம் இல்லாமல் படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் போட்டவர் அதில் 'சமூக ஜாமீன்தாரர்'. அவர் மேல் திவால் நடவடிக்கை தொடங்கவே முடியாது. மருமகள் படிக்கக் கையெழுத்துப் போட்ட மாமா இதற்குள் வருகிறார். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பே அவர் பெயரில் வழக்கு தொடங்கியிருக்கிறதா? வீட்டுக்கு நீதிமன்றக் கடிதம் எதுவும் வந்து, யாராவது அலமாரிக்குள் வைத்துவிட்டார்களா? எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிரிக்காத கடித உறையோடுதான் வருகிறார்கள். பணம் கேட்டுச் சாதாரண சிவில் வழக்கு ஜாமீன்தாரர் மேல் வரலாம், அதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. திவால் பயம் வேண்டாம்.

தேவிக்கும் அதே. ஒருவரைத் திவாலாக்கக் கடன் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். ஒரு காலத்தில் 30,000, பிறகு 50,000, கோவிட் காலத்தில் ஏற்றிய ஒரு லட்சம் அப்படியே நிலைத்துவிட்டது. உங்கள் பதினாறாயிரம் அந்தப் பக்கமே வராது. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: வங்கி நேராக குடிநுழைவுத்துறையிடம் போய் உங்கள் பெயரைக் கொடுக்க முடியாது. நீதிமன்றம் வழியாகத்தான் வர வேண்டும். வசூல் ஏஜெண்ட் போனில் 'பாஸ்போர்ட்டை முடக்கிடுவோம்' என்றால் பயந்து அன்றே வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள்.

குமரன் கேட்டது நியாயமான கேள்வி. கட்ட வசதி இருந்தும் கட்டாதவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். என் வருத்தம், நம் நாட்டில் இந்தத் தடையை எதிர்த்து நிற்கச் சட்டத்தில் பிடிமானம் ரொம்பக் குறைவு என்பது. 1979இல் லோ வாய் கோங் வழக்கில், வெளிநாடு போவது குடிமகனின் அடிப்படை உரிமை இல்லை என்று நம் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முந்திய வருடம்தான் இந்தியாவில் மேனகா காந்தி வழக்கில், தனிமனித சுதந்திரத்துக்குள் வெளிநாட்டுப் பயணமும் அடங்கும், நியாயமான நடைமுறை இல்லாமல் கடப்பிதழைப் பறிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. இரண்டு அரசமைப்பிலும் 'தனிமனித சுதந்திரம்' என்றுதான் இருக்கிறது. இங்கே அது வாசலைத் தாண்டவில்லை. அதனால் தடை திரும்ப வந்தால், நிறுத்துவதற்கு முன் கடிதம் அனுப்பி, காரணம் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். டயாலிசிஸ் செலவில் நின்றுபோனவரையும் கார் மாற்றிக்கொண்டிருப்பவரையும் ஒரே பட்டியலில் போட்டால், கவுண்டரில் இருப்பவருக்கு இருவரும் ஒன்றுதான்.

தெப்ராவ் தேவி:

எல்லாருக்கும் நன்றி. எஸ்எஸ்பிஐயில் பார்த்தேன், தடை இல்லை என்று வந்தது. மாமா பெயரையும் அவர் அனுமதியோடு பார்த்தேன், அவருக்கும் இல்லை. அலமாரியையும் குடைந்தோம் வாசுகி அக்கா, நீதிமன்றக் கடிதம் எதுவும் இல்லை, பிடிபிடிஎன் நினைவூட்டல் கடிதங்கள்தான் கட்டாக இருந்தன. வாத்தியார் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1953 கடிதம் வந்த இடத்தில் 'அடப்பாவி' என்றார், அப்புறம் காஸ்வேயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

குமரன் அண்ணா, நான் கட்டத்தான் போகிறேன். சிங்கப்பூர் சம்பளத்தில் முதல் மாதத்திலிருந்தே. ஒரு கேள்வி: இப்போதே போய்ப் பேசினால் முழுப் பாக்கியையும் மொத்தமாகக் கேட்பார்களா? பேசாமல் இருந்தால் கண்ணில் படமாட்டேன், போய் நின்றால் மாட்டிக்கொள்வேன் என்று தங்கை பயமுறுத்துகிறாள்.

மாசாய் ராஜன்:

தங்கை சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதே. கண்ணில் படாமல் இருப்பவர்கள் பெயர்தான் பட்டியல் போடும்போது முதலில் ஏறும். தவணையை மாற்றி அமைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது. சம்பளச் சீட்டு, ஐசி நகல், அம்மாவின் டயாலிசிஸ் ரசீதுகளில் கையில் இருப்பது எல்லாம் கொண்டுபோ. மாதம் எவ்வளவு முடியும் என்று நீயே ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போ. பெரிய தொகையாகச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் விட்டுவிடாதே.

சேமநிதியிலிருந்தும் படிப்புக் கடனுக்கு எடுக்கலாம். இரண்டாம் கணக்கு என்று சொல்லி வந்தோமே, 2024 மே மாதத்திலிருந்து அதற்குப் பெயர் செஜாத்தெரா கணக்கு. அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார். ஆனால் சிங்கப்பூரில் வேலை செய்யும்போது இங்கே உன் சேமநிதியில் முதலாளி பணம் போடமாட்டார், எடுத்தது எடுத்ததுதான், அதையும் யோசித்துக்கொள்.

முடித்ததும் தவணை ஒப்புதல் கடிதத்தைக் கடப்பிதழ் உறைக்குள் வை. முதல் நாள் மோட்டாரில் போகாதே, பஸ்ஸில் போ. அந்த நேரத்தில் துவாஸ் பக்கம் இரண்டாவது பாலம் வழியாகக் கம்பெனி பஸ் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேள், பல கம்பெனிகள் விடுகின்றன. பையில் வைத்திருக்கிற ராஜினாமா கடிதத்தைத் தவணைப் பேச்சு முடிந்த அன்று கொடு.